குப்பியில் தமிழில்லை, தொட்டியில் கீரையில்லை

காரைக்கால் வட்டாரத்தில், திருநள்ளாற்றுக்கு அண்மையில், சுரக்குடி என்றோர் ஊர். அங்கு என் தங்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சென்ற வைகாசித் திங்களில் அவள் இல்லம் சென்றிருந்தேன். கொல்லைத் தாழ்வாரத்தில் வெள்ளை நெகிழித் தொட்டி ஒன்று கண்ணிற் பட்டது. மூடியில் எட்டுத் துளைகள், துளைக்கொரு வலைக்கிண்ணம், கிண்ணந்தோறும் தென்னை நார்த்தூளில் ஊன்றிய தண்டுக்கீரை நாற்று. எட்டில் ஐந்து மாண்டிருந்தன. எஞ்சிய மூன்றும் வெளிறி மஞ்சளித்து, உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றன. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நீரில் பச்சைப் பாசி. அடியில் சுண்ணாம்பு போன்ற வெண்படிவு. வேர்கள் பழுப்பேறிக் கொழகொழத்து நாறின.

"என்னம்மா இது?" என்றேன்.

"மண்ணே இல்லாமல் கீரை வரும் என்று சொன்னார்கள், அண்ணே. உங்கள் மருமகன்தான் சென்னையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தான். தாளில் போட்டிருந்தபடிதான் எல்லாம் செய்தேன்."

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். நான்கு பக்கம், நான்கும் ஆங்கிலம். உடன்வந்த குப்பிகள் இரண்டு. ஒன்றின்மேல் 'ஏ' என்றும் மற்றொன்றின்மேல் 'பி' என்றும் ஆங்கில எழுத்துகள். எழுதுகோல் போன்ற கருவியொன்று, அதன்மேல் 'டி.டி.எசு.' என்று பொறித்திருந்தது. மருமகன் தொலைபேசி வழியே படித்துச் சொல்ல, இவள் செய்திருக்கிறாள். அவனுக்கும் சொற்கள்தாம் தெரியும், பொருள் தெரியாது.

அப்போது என் தங்கையின் மாமியார் அங்கு வந்தார். எழுபதைக் கடந்த மூதாட்டி. நடவும் களையுமாகவே வாழ்நாளைக் கழித்தவர். தொட்டி நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு உமிழ்ந்தார்.

"ஆழ்குழாய்த் தண்ணீரையா ஊற்றினீர்கள்? அது உவர்த் தண்ணீர் ஆயிற்றே, தம்பி! அதில் பருப்பே வேகாது. கீரை எங்கே வரும்?" என்றார்.

தமிழன்பர்களே, செத்த கீரைச் செடி ஐந்துக்காக இரங்கி இதனை எழுதப் புகுந்தேன் அல்லேன். அந்தக் கருவி நீரிலுள்ள உப்பைச் செவ்வையாகவே அளந்து காட்டியிருந்தது. எண்ணைப் பார்த்தவளுக்கு அதன் பொருள் தெரியவில்லை. பொருள் தெரிந்த மூதாட்டியிடம் அந்த எண் போய்ச் சேரவில்லை. ஒரே கூரையின்கீழ் வாழும் இருவர்க்கிடையே நான்கு பக்க அயன்மொழித் தாளொன்று குறுக்குச் சுவராய் நின்றது. அச்சுவரைப் பற்றியும், அதனை இடித்தால் அத்தொட்டியில் என்ன விளையும் என்பது பற்றியுமே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். வணிகர் இதனை 'ஐட்ரோபோனிக்சு' என்கின்றனர். நம் நாளிதழ்களும் ஏதோ மறைமொழிபோல அதனை அப்படியே ஓதுகின்றன. செடி உண்பது மண்ணையன்று, மண்ணிற் கரைந்துள்ள உப்புகளையே என்பதைச் செருமானிய அறிஞர் சாக்சும் குநோப்பும் 1860-களிலேயே உப்புக் கரைசலில் பயிர் வளர்த்துக் காட்டிவிட்டனர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக்கு என்பார் 1929-ஆம் ஆண்டளவில் அதனை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுவந்து, தொட்டி நீரில் தக்காளிக் கொடிகளை ஆளுயரத்துக்கு மேல் வளர்த்தார். 1937-இல் அவர் வழங்கிய பெயரே வணிகர் ஓதும் அந்தச் சொல். கிரேக்கத்தில் அதன் முன்பாதிக்கு நீர் என்றும், பின்பாதிக்கு உழைப்பு என்றும் பொருள். நிலத்தில் உழைப்பதற்குக் கிரேக்க வழியில் முன்னமே ஒரு சொல் இருந்தது. அதனைப் பார்த்து இதனைச் செய்தனர். அவ்வளவே. உழைப்பையும் உழவையும் ஒரே அடியில் வைத்துள்ள தமிழனுக்கு இச்சொல்லைச் செய்வதில் என்ன இடர்? நீருழவு என்றால் முடிந்தது. 'மண்ணில்லா வேளாண்மை' என்று எழுதுவோரும் உளர். பிழையில்லை; ஆயினும் இல்லாததைக் கொண்டு ஒன்றுக்குப் பெயரிடுவது, முடவனென்று ஒருவனை அழைப்பது போன்றது. இக்கட்டுரையில் நீருழவு என்றே எழுதுகின்றேன். இதனினும் நல்ல சொல் கிடைப்பின் இதனை விடுவதற்குத் தடையில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. இத்துணைக்கண்டத்துக்கு இது நேற்று வந்த புதுமையன்று. வங்கப் பெரும்பஞ்சம் நிகழ்ந்த மூன்றாண்டுக்குள், 1946-இல், சோல்ட்டோ தக்ளசு என்னும் ஆங்கிலேயர் கலிம்போங்கு மலைப்பகுதியில் இதனை ஆராயத் தொடங்கினார். விலைமிகுந்த கருவிகள் இன்றி, எளிய மக்களும் செய்யும்படி அதனை எளிமையாக்குவதே அவர் நோக்கம். 1951-இல் வெளிவந்த அவர் நூலின் பெயரிலேயே 'வங்க முறை' என்னும் தொடர் உண்டு. ஆங்கிலேயன் ஒருவன் தான் ஆய்ந்த முறைக்கு அம்மண்ணின் பெயரை இட்டான். நாமோ நம் கொல்லையில் வைக்கும் தொட்டிக்கு நம் மொழியில் ஒரு பெயரிட நாணுகிறோம்.

'மண்ணைத் தாயென்று போற்றும் நாம் மண்ணை விட்டு நெகிழித் தொட்டியில் பயிர் செய்வதா?' என்று நம்மவர் சிலர் வினவுவர். முறையான வினாவே. காரைக்கால் காவிரியின் கடைமடை. 2007-ஆம் ஆண்டு நடுவர் மன்றத் தீர்ப்பு புதுவைக்கு, அதாவது காரைக்காலுக்கு, ஒதுக்கியது 7 டி.எம்.சி. நீர், எழுநூறு கோடிக் கன அடி. 2018-இல் உச்ச நயமன்றமும் அவ்வளவையே நிலைநிறுத்தியது. தாளில் நின்ற அந்நீர் வாய்க்காலில் வரும்போது வருகிறது. வராதபோது உழவன் ஆழ்குழாயைப் பார்க்கிறான். இறைக்க இறைக்கக் கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி வருகிறது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் உப்பும், 2018-ஆம் ஆண்டுக் கசா புயலின் அழிவும் இக்கரை கண்டவை. இந்நிலத்துக்கு மருந்து ஆற்றில் வரும் நீரே. அவ்வுரிமையைக் கேட்பதை விட்டுவிட்டுத் தொட்டியில் பயிர் செய்துகொள்க என்று எவரேனும் கூறுவராயின் அவரொடு எனக்கு உடன்பாடில்லை. நெல்லைத் தொட்டியில் விளைத்து நாட்டுக்குச் சோறு போடவும் இயலாது. ஆயின், கொல்லை முழுதும் சிமிட்டித் தரையாகிப்போன வீட்டில், இரண்டு சாண் இடத்தில், நிலப்பாய்ச்சலுக்கு ஆகும் நீரில் சிறு பங்கைக் கொண்டு, கிழமைக்கு இரண்டு நாள் கீரை கிடைக்குமென்றால் அதனை வேண்டாமென்று சொல்ல ஏதுவில்லை. அடுக்களைக்கு அருகே ஒரு தொட்டி. அந்த அளவோடு இது நல்லது.

இனி அந்தத் தொட்டி ஏன் செத்தது என்பதற்கு வருவோம்.

கருவியைத் துடைத்து ஆழ்குழாய் நீரில் மட்டும் அமிழ்த்தினேன். 690 காட்டியது. ஓர் இலிட்டர் நீரில் ஏறத்தாழ அத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்பது அதன் பொருள். தாளில் 'எண் 800 ஆகும்வரை குப்பிக் கரைசலை ஊற்றுக' என்று எழுதியிருந்தது. அவ்வாறே ஊற்றினாள். 690-இலிருந்து 800-க்கு எவ்வளவு தொலைவு? செடிக்குக் கிடைத்த உணவு அந்த 110 மட்டுமே. மற்றவையெல்லாம் கடலின் பங்கு. கருவி வயிறு நிறைந்தது என்கிறது. செடியோ பட்டினி கிடக்கிறது. இக்கருவிக்கு உணவுப்புக்கும் கறியுப்புக்கும் வேற்றுமை தெரியாது. நீரில் மின்னோட்டம் எவ்வளவு எளிதாய்ப் பாய்கிறது என்பதை அளந்து, உப்பின் கூட்டுத்தொகையைச் சொல்வதே அதன் வேலை. இதற்கு உவரளவி என்று பெயர் எழுதி ஒட்டியிருந்தால், உவர்நீரை உவரளவியில் இட்டு 690 என்று கண்டவள், 'ஊற்றுமுன்னரே இவ்வளவு உவரா?' என்று அக்கணமே கேட்டிருப்பாள். 'டி.டி.எசு.' என்னும் மூன்றெழுத்தை நோக்கி யார் என்ன கேட்பது?

நம் உழவர் நிலத்தின் கேட்டை இரண்டாய்ப் பிரித்து அறிவர். உவர்நிலம் வேறு, களர்நிலம் வேறு. உப்பு மிகுந்து பூத்த நிலம் உவர். காரம் மிகுந்து இறுகி, நீரை உள்வாங்காத நிலம் களர். கல்லாதவரைக் களர்நிலத்துக்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். அத்துணைப் பழமையான சொல். இன்றைய வேளாண் நூல்களும் இவ்விரண்டையும் இப்பெயர்களாலேயே பிரிக்கின்றன. நீருழவில் அளக்க வேண்டியவையும் இவ்விரண்டே. ஒன்று உவர், அதனை உவரளவி காட்டும். மற்றொன்று புளிப்பும் காரமும், இதனைத்தான் 'பி.எச்சு' என்று கடைகளில் சொல்கின்றனர். ஏழு என்பது நடு. அதன்கீழ் புளிப்பு, மேல் காரம். கீரைக்கு ஐந்தரை முதல் ஆறரை வரை, அதாவது மெல்லிய புளிப்பு, வேண்டும். ஏழரை, எட்டு என்று காரம் ஏறினால் நீரில் இரும்பு இருந்தும் வேரால் உண்ண இயலாது. கடலோர ஆழ்குழாய் நீர் பெரும்பாலும் காரப் பக்கமே சாயும். இதனை அறிய விலைகுறைந்த நிறத்தாள்கள் கிடைக்கின்றன. ஆலத்தித் தட்டில் மஞ்சள்நீர் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பதும் இதே அறிவியல்தான். ஆயின் மஞ்சள் வன்காரத்துக்கே சிவக்கும். ஆறுக்கும் ஏழுக்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டாது. எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் காரம் தணியும். எனினும் இரண்டொரு நாளில் பழையபடி ஏறிவிடும். அது முதலுதவி மட்டுமே.

ஆக, கடற்கரை ஊரில் நீருழவு தொடங்குவோர் முதலில் வாங்க வேண்டியது தொட்டியன்று. நீரை அளக்கும் உவரளவி. வெறும் நீர் 200-க்குள் இருந்தால் தொடங்கலாம். 400-ஐத் தாண்டினால் அந்நீரை விட்டுவிடுக. வேறு நீருக்கு எங்குச் செல்வது? வானம் இருக்கிறது. பத்துச் சதுர மீட்டர் கூரையில் ஒரு செண்டிமீட்டர் மழை பெய்தால் நூறு இலிட்டர் நீர். இருபது இலிட்டர்த் தொட்டியை ஐந்துமுறை நிரப்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் காரைக்காலில் மழைக்குக் குறைவில்லை. முதல் மழையில் கூரை அழுக்கைப் போகவிட்டுப் பின்னர்ப் பிடித்து, மூடிய கலத்தில் வைக்க வேண்டும். சுரக்குடி என்னும் பெயரைக் கேட்கும்போதெல்லாம் சுரத்தல் என்னும் சொல் என் காதில் ஒலிக்கும். சுரக்கும் நீர் உவராய்ப் போன நாளில் வான்நீரே துணை.

அடுத்தது அந்த வெண்படிவு. 'ஏ'யையும் 'பி'யையும் தனித்தனியே ஊற்றாமல், வேலை எளிதாகட்டும் என்று இரண்டையும் ஒரு குவளையில் கலந்து ஊற்றியிருக்கிறாள். ஒரு குப்பியில் இருப்பது சுண்ண உப்பு. மற்றதில் இருப்பவை கந்தக உப்புகளும் எரிய உப்புகளும். செறிந்த நிலையில் இவை ஒன்றையொன்று தொட்டால் சுண்ணம் கந்தகத்தொடு சேர்ந்து, நீரிற் கரையாத வெண்தூளாய் அடியில் இறங்கிவிடும். இறங்கியது செடிக்கு உதவாது. காசு அடியில் படிந்தது. இதற்காகவே இரண்டு குப்பியாய்ப் பிரித்து விற்கின்றனர். தொட்டி நிறைய நீர் விட்டு, ஒன்றை ஊற்றி நன்கு கலக்கி, அதன் பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். 'ஏ', 'பி' என்னும் எழுத்துகளில் இந்த அறிவு எங்கேனும் இருக்கிறதா? 'சுண்ணக் கரைசல்', 'கந்தகக் கரைசல்' என்று எழுதியிருந்தால், சுண்ணாம்பைக் கண்டதிலும் சேரவிடக் கூடாது என்பதை அடுக்களைப் பெண்டிர் தாமே உணர்வர்.

இலையைப் படிக்கும் கலைக்கு வருவோம். இங்குத் தமிழ் முன்னமே வென்றிருக்கிறது. மூன்று தலையாய ஊட்டங்களையும் நம் உழவர் ஆங்கிலப் பெயரால் அழைப்பதில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்கின்றனர். எந்த அறிஞர் அவையத்தில் இவை முடிவாயினவோ, அவர் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. தழைக்க வைப்பது தழைச்சத்து. மணி பிடிக்க வைப்பது மணிச்சத்து. அடுப்புச் சாம்பலில் உள்ளது சாம்பல்சத்து. பெயரைச் சொன்னாலே பாடம் முடிந்தது. 'சத்து' மட்டும் வடசொல். அதனை நீக்கித் தழையூட்டம், மணியூட்டம், சாம்பலூட்டம் என்று நாம் சொல்லுவோம். ஆயினும் உழவர் நாவில் ஊன்றிவிட்ட முக்கால் தமிழைக் கால் வடசொல்லுக்காகப் பழிக்க எனக்கு உள்ளமில்லை.

செடியின் குறையை அறியக் கேட்க வேண்டிய வினா ஒன்றே: முதலில் வாடியது கிழ இலையா, கொழுந்தா? சில ஊட்டங்கள் செடிக்குள் நகரும். குறை நேர்ந்தால், தான் உண்ணாமல் பிள்ளைக்கு ஊட்டும் தாய்போல, முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும். தழையூட்டம் அத்தகையது, ஆகவே அது குறைந்தால் அடியிலை முழுதும் மஞ்சளிக்கும். வெளிமம் குறைந்தால் அடியிலையில் நரம்பு பச்சையாய் நிற்க, இடையில் மட்டும் மஞ்சள் படரும். சாம்பலூட்டம் குறைந்தால் அடியிலையின் ஓரம் தீய்ந்தாற்போல் கருகும். வேறு சில ஊட்டங்கள் ஓரிடத்தில் அமர்ந்தால் எழா. இரும்பும் சுண்ணமும் அப்படி. இரும்பு எட்டாவிட்டால் கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாய் இருக்கும். சுண்ணம் எட்டாவிட்டால் இளவிலையின் நுனி கருகும். என் தங்கையின் தொட்டியில் அடியிலையும் மஞ்சள், கொழுந்தும் வெளிறல். பட்டினியும் காரமும் ஒருங்கே வந்து தாக்கியிருந்தன. கொழுந்து வெளிறிய உடனே குப்பியை எடுத்து ஊற்றுவது பலர் செய்யும் பிழை. இரும்பு குறைவன்று; காரம் தடுக்கிறது. முதலில் நிறத்தாளை நனைத்துப் பார்க்க வேண்டும்.

வேரழுகல் வேறு கதை. வேரும் மூச்சு விடும். நீரிற் கரைந்த உயிர்வளியே அதற்கு மூச்சு. 20 பாகை வெப்பத்தில் ஓர் இலிட்டர் நீர் 9 மில்லிகிராம் அளவு உயிர்வளியை ஏந்தும். 30 பாகையில் ஏழரைதான். வைகாசி வெயிலில் தாழ்வாரத்துத் தொட்டி நீர் 30-க்கும் மேலே போகும். வெந்நீரில் மூச்சுத் திணறும் வேரைப் பூஞ்சை எளிதில் பற்றிக்கொள்ளும். போதாக்குறைக்கு வெள்ளைத் தொட்டி. அதனூடே வெளிச்சம் புகுந்து பாசி வளர்ந்தது. இதற்கு மருந்து தெளிப்பது வீண். தொட்டியைச் சுற்றிச் சாக்கைக் கட்டித் தென்னங்கீற்றால் போர்த்தினால் இருளும் கிடைக்கும், குளிர்ச்சியும் கிடைக்கும். புதிதாய்த் தொடங்குவோர் கோடையில் தொடங்காமல் மார்கழி, தையில் தொடங்குவது நலம்.

அவாயித் தீவின் பல்கலைக்கழகத்து அறிஞர் கிராட்கி என்பார் மின்காற்றேற்றியே வேண்டாத முறையொன்றை வகுத்தார். தொடக்கத்தில் கிண்ணத்தின் அடியை நீர் தொடும்வரை ஊட்டநீரை நிரப்பிவிட்டு, அப்படியே விட்டுவிட வேண்டும். செடி குடிக்கக் குடிக்க நீர் இறங்கும்; மேலே ஈரக் காற்றுவெளி உண்டாகும்; அவ்வெளியில் உள்ள வேர்கள் மூச்சுக்கும், கீழே நீரில் உள்ள வேர்கள் உணவுக்கும் பழகிக்கொள்ளும். நீர் குறைந்ததே என்று அஞ்சி விளிம்புவரை திரும்ப நிரப்பினால், மூச்சுக்குப் பழகிய வேர்கள் மூழ்கி அழுகும். என் தங்கை நாள்தோறும் நிரப்பியிருக்கிறாள். இதனை அவள் மாமியாரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பாதி சொல்லுமுன் அவர், "காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லுங்களேன், தம்பி" என்றார். வயலில் ஒரு நாள் நீரைக் கட்டி, மறுநாள் காயவிட்டு வேருக்குக் காற்றுக் கொடுக்கும் முறைக்கு உழவர் இட்ட பெயர் அது. அவாயித் தீவுக்குப் போய் யான் கொண்டுவந்த செய்தியை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்.

தொடங்குவோர்க்கு எது முதற்பயிர் என்றால், வள்ளைக்கீரை என்பேன். குளத்திலும் வாய்க்காலிலும் மிதந்து படரும் கீரை. நீருழவை எவரும் கற்பிக்காமலே செய்துவருவது. இலங்கையிலும் மலேசியாவிலும் இதனைக் 'கங்குன்' என்றும் 'காங்கோங்' என்றும் கட்டுக்கட்டாய் விற்கின்றனர். நல்ல தண்டை ஒரு சாண் அளவு வெட்டி வெறும் நீரில் வைத்தால் சில நாளில் கணுவிலேயே வேர் விடும். அதனைக் கிண்ணத்தில் ஊன்றி, முதற்கிழமை பாதிச் செறிவிலும் பின்னர் முழுச் செறிவிலும் ஊட்டநீர் விடலாம். கீரைக்கு உவரளவி 600 முதல் 900 வரை காட்டினால் போதும். வெறும் நீரின் எண்ணைக் கழித்தே கணக்கிடுக. நார்த்தூளை மூன்று நீரில் அலசிய பின்னரே இடுக. கடற்கரைத் தென்னைநாரில் உவர் உண்டு. தேங்கிய நீராகையால் மூடியில் விரல்நுழையும் இடைவெளியும் இருத்தல் ஆகாது. இருப்பின் கீரைக்கு முன் கொசு விளையும்.

இவ்வளவையும் அந்த ஆங்கிலத் தாள் சொல்லவில்லையா என்றால், பாதிக்கு மேல் சொல்லியிருந்தது. யாருக்கு என்பதே வினா. பொட்டலப் பொருள்களுக்கென 2011-இல் நடுவணரசு வகுத்த நெறிமுறைகளைப் பாருங்கள். பொட்டலத்தின்மேல் கட்டாயமாகப் பொறிக்க வேண்டியவை இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். பிற மொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. தடையில்லையாம்! தமிழ்நாட்டிலும் புதுவையிலும் விற்கும் பொருளில் தமிழ் ஒட்டிக்கொள்ள இசைவு தந்திருக்கிறார்கள். 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி புதுவை ஒன்றியத்தின் ஆட்சிமொழி தமிழ். பாவேந்தர் பாரதிதாசன் தம் ஆசிரியப் பணியைத் தொடங்கியது இக்காரைக்காலைச் சேர்ந்த நிரவியில். அம்மண்ணில் விற்கும் உரக்குப்பியில் உரிய செய்தி தமிழில் இல்லையென்றால் சட்டம் எதற்கு? பிரஞ்சியர் ஆட்சி 1954-இல் கைம்மாறியது. 'கொம்யூன்' என்னும் அவர்தம் சொல் இன்றும் ஊராட்சிப் பலகைகளில் அமர்ந்திருக்கிறது. போனவன் சொல்லையும் விடோம். இருப்பவள் சொல்லையும் சேர்க்கோம்.

பழியை அரசின்மீதும் வணிகர்மீதும் மட்டும் சுமத்திவிட்டு நாம் கைகழுவுதல் முறையன்று. நாம் என்ன செய்தோம்? விண்கலத்துக்கும் அணுவுக்கும் அழகழகாய்ச் சொல் படைத்து மலர் வெளியிட்டோம். உரக்கடைக் குப்பியைக் கையிலெடுத்து, இதிலுள்ள பன்னிரண்டு சொற்களுக்கு வீட்டில் வழங்கும் தமிழ் என்ன என்று உட்கார்ந்து எழுதியவர் நம்முள் எத்தனை பேர்? யானும் என் தங்கையின் தொட்டி சாகும்வரை எழுதவில்லை.

ஐப்பசியில் மழைநீர் பிடித்து அவள் மீண்டும் தொடங்கினாள். குப்பிகளின்மேல் தமிழ்ச் சீட்டெழுதி ஒட்டினோம். மழைநீரில் கருவி 20 காட்டியது. கார்த்திகைக் கடைசியில் வள்ளைக்கீரை முதல் அறுப்பு. எட்டுக் கிண்ணத்தில் ஒன்று மட்டும் வாடியது, அதுவும் பூனை ஏறியதால். இப்போது கிழமைக்கொருமுறை அளப்பது மாமியாரின் வேலை. நான் எழுதி ஒட்டிய 'உவரளவி' என்னும் சீட்டை அவர் பொருட்படுத்தவில்லை. "அந்த உவர்க்கோலை எடு" என்கிறார். என் சொல்லினும் அது நன்று, யானும் மாற்றிக்கொண்டேன்.

எரியம், வெளிமம் என்று யான் எழுதியவற்றிலும் இத்தகைய நாட்டுச் சொல் எங்கேனும் இருக்கக் கூடும். வேர் கொழகொழத்து அழுகுவதற்கும், கொழுந்து மட்டும் வெளிறுவதற்கும் உங்கள் ஊர் உழவர் என்ன பெயர் வழங்குகின்றனர் என்பதை, ஊர்ப்பெயரும் சேர்த்து, இவ்விதழ் முகவரிக்கு எழுதி விடுங்கள்.